அம்மன் புடவைக்கு என் பெயரில் கடன்

ஜூலை 21, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவது போல் இருட்டி, வராமல் போய்விட்டது. ஈரக் காற்றில் பட்டு இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது என்று இவர் ஜன்னலைச் சாத்திவிட்டார். தறி ஓடுகிற அறையில் மூச்சு முட்டுகிறது.

இன்றைய வேலை: ரேஷன் (பருப்பு வரவில்லை, வெள்ளிக்கிழமை வரச் சொன்னான்). வாடகை ரசீது வாங்க வேண்டும். கோர்ட்டுக்குக் காட்டுகிற கணக்கு நோட்டில் ஜூன் மாதத்தைக் கூட்டிச் சரிபார்க்க வேண்டும். மூன்று முறை கூட்டினேன், மூன்று முறையும் வேறு வேறு தொகை.

இது அந்த நோட்டு அல்ல. போன வருடத்து டைரி, ஓசியில் வந்தது. அரிசி டிரம்முக்குப் பின்னால் வைக்கிறேன். "மனசுல இருக்கறத கண்டவங்க கிட்ட கொட்டாதீங்கம்மா" என்று வக்கீலம்மா சொன்னார். (இனி வ.அ.) கொட்டாமல் இருந்தால் தலை வெடித்துவிடும்.

இன்னும் பத்து நாள். 31ஆம் தேதி வாய்தா.

மஞ்சள் கடுதாசி கொடுத்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. புடவை வியாபாரம் என் பெயரில்தான். பெண்கள் பெயரில் கேட்டால் பேங்கில் வட்டி குறைவு, அது ஒரு காரணம். இன்னொரு காரணம் இவருடைய ராசி. தனலட்சுமி என்று பெயர் வைத்தவள் வீட்டில் இருக்கும்போது வேறு பெயரில் எதற்கு பில் என்பார். பால் கார்டு, கேஸ், கரண்ட், கடை, எல்லாம் தனலட்சுமி. பெங்களூர் கடைக்காரன் எங்கள் தொண்ணூறு புடவையோடு ராத்திரியோடு ராத்திரியாக ஷட்டரை இறக்கிவிட்டுப் போனபோது, திவாலானவளும் தனலட்சுமிதான். இவர் ஆகவில்லை. நான் ஆனேன்.

வீடு ஏலத்தில் போனது. வண்டி, பீரோ, நகை போனது. தறி போகவில்லை. தொழில் செய்கிற கருவியை எடுக்கக் கூடாதாம். அந்தத் தறியைக் கழற்றி இந்த வாடகை வீட்டில் குழி வெட்டிப் போட்டு, இவரும் நானும் ஒரு முதலாளிக்குக் கூலிக்கு நெய்கிறோம்.

31ஆம் தேதி ஜட்ஜ் மனது வைத்தால் விடுவிப்பு. பழைய கடனெல்லாம் அதோடு முடிந்தது. மனது வைக்காவிட்டால்? எழுதப் பயமாக இருக்கிறது. எழுதவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

ரிசீவர் ஆபீஸ். ரிசீவர் கோர்ட் நியமித்தவர், என் சொத்து, வருமானம் எல்லாம் அவர் பார்வையில். ஒரு மணி நேரம் பெஞ்சில்.

கிளார்க் நோட்டைப் புரட்டிவிட்டு, "இன்னாமா, ஆடித் தள்ளுபடில ஒரு கைக்குட்டை கூட வாங்கலியா?" என்றார். சிரித்தேன். விளையாட்டுக்குக் கேட்கிறாரா, வேவு பார்க்கிறாரா, எப்படித் தெரியும்?

வெளியே வ.அ. மறுபடி பாடம் நடத்தினார். "ஐம்பது ரூபாய் ஞாபகம் இருக்குதா?" இருக்கிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். விடுவிப்பு வருகிற வரை, நான் திவாலானவள் என்று முதலில் சொல்லாமல் யாரிடமும் ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கக் கூடாது. வாங்கினால் குற்றம். ஆறு மாதம் வரை ஜெயில். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், ஐம்பது ரூபாயை யாரும் மாற்றவில்லை.

திரும்பும்போது பாய் கடையில் உளுந்து, எண்ணெய், சீரகம். அறுபத்திரண்டு ரூபாய் குறைந்தது. "நாளைக்கு குடு தங்கச்சி, எங்க ஓடிப் போற" என்றார். எண்ணெயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நல்ல மனுஷன். கடன் சொல்வதற்கு முன்னால் நான் திவாலானவள் என்று அரைக் கிலோ உளுந்துக்காக நடுக்கடையில் அறிவிக்க முடியுமா?

எஸ்தரும் ஆபீசுக்கு வந்திருந்தாள். முசரவாக்கத்துக்காரி. ஆறு வருடம் எங்களுக்கு நெய்தவள். எங்களுக்கு நெய்த பன்னிரண்டு பேரில் ஏலத்துப் பணத்தில் வந்த பங்கு போக எல்லாருக்குமே கூலி பாக்கி, அவள் ஒருத்திக்கே 22,000. பேங்குக்காரன் கத்துவான், பைனான்ஸ்காரன் கெட்ட வார்த்தை சொல்வான், காது பழகிவிட்டது. எஸ்தர் பேசவே மாட்டாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சாப்பாட்டுப் பையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். என்னைப் பார்ப்பாள், போய்விடுவாள். எனக்கு அவளிடம்தான் ரொம்பப் பயம்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

தறிக்கு லீவு. அமாவாசையன்று இங்கே யாரும் நெய்வதில்லை. தெருவே ஊமையாகிவிட்டது. இவர் குளத்துக்குப் போய்த் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கு முதலாளி கடையிலிருந்து போன். "இன்னாக்கா, போன பாவ முடிச்சுக் குடுத்து பத்து நாள் ஆவுது. அடுத்த பாவு ரெடியா இருக்குது, வந்து வாங்கிக்கினு போவலியே. உடம்பு கிடம்பு சரியில்லியா?"

வரோம் என்று வைத்துவிட்டேன். தறியைப் பார்த்தேன். தறியில் பாதிப் புடவை இருக்கிறது. தறியில் ஏற்றுகிற பாவு இழையை முதலாளி கொடுக்கவில்லை என்றால், இது யாருடைய பட்டு?

அரக்கு உடம்பு. பச்சைக் கரை. கரையில் வேல். ஒன்பது நாளாக நானும்தான் பக்கத்தில் உட்கார்ந்து கரை இழை ஓடுகிற நாடாவைத் தள்ளியிருக்கிறேன். வழக்கமாக மூன்று புடவைக்குச் சேர்த்துப் பாவு வரும். இது ஒல்லியாக இருந்தது. பார்த்தேன், கேட்கவில்லை. அரக்கும் பச்சையும் எங்கள் தெரு அம்மனுக்கு வருடா வருடம் ஆடி மூன்றாம் வெள்ளிக்கு இவர் வீட்டார் கொடுக்கிற புடவை. அது தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லையே. போன இரண்டு வருடமும் கொடுக்கவில்லை. இந்த வருடமும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

எழுப்பினேன்.

"ஆத்தாளுக்குத்தான்" என்றார். ஏதோ நான் சந்தோஷப்படப் போகிற மாதிரி.

"பட்டு ஏது?"

"கமலம்மா கடை. புதுசா வந்துக்கிறாங்களே, ஆரணியிலிருந்து. அம்மனுக்குன்னேன். உடனே எடுத்துக் குடுத்தாங்க. ஆவணில குடுத்துடலாம்."

"எவ்ளோ?"

"பட்டும் ஜரிகையும் சேர்த்து பதினாலு."

பதினாலாயிரம். எனக்கு ஐம்பது ரூபாய்க்கே தூக்கம் வருவதில்லை.

"நாம திவாலானவங்கன்னு சொன்னியா?" கோபத்தில் நீ என்று வந்துவிட்டது. இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவை.

"ஊருக்கே தெரியும்டி. தனியா வேற சொல்லணுமா? அதுவும் சாமிக்கு வாங்கறது. சாமிக்கு வாங்கறது கடன்ல வருமா?"

அவர்கள் ஆரணியிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, ஊருக்கே தெரிந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பிறகு கேட்கவே பயந்த கேள்வியைக் கேட்டேன். யார் பேரில் எழுதினார்கள்?

தலையைத் தூக்காமல் சொன்னார். "வழக்கம் போலத்தான். உன் பேர்ல."

ஜூலை 25, வெள்ளி

தூங்கவில்லை. ரேஷன் பருப்பு வாங்கப் போகவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் வீட்டு முன்னால் நின்றது, அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். பக்கத்து வீட்டுக்கு வந்த கொரியர்.

சாமிக்கு வாங்கியது கடன் இல்லையாம். என்ன மனுஷன் இவர். கோபம் கோபமாக வருகிறது. அவர் தறியில் உட்கார்ந்து முகத்தைக் கூடத் துடைத்துக்கொள்ளாமல் நெய்வதைப் பார்த்தால் அழுகை வருகிறது. இவர் தாத்தா காலத்திலிருந்து கொடுக்கிறார்கள். இரண்டு வருடமாக மூன்றாம் வெள்ளியன்று கோயில் பக்கமே போகாமல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஜெயிலுக்கு நான்தானே போக வேண்டும்?

மகள் கவிக்குச் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாள், இந்த மாதம் இரட்டை ஷிப்ட். "குரல் ஒரு மாதிரி இருக்குதே?" என்றாள். சளி என்றேன்.

வ.அ.வுக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். பிறகு, "வாங்கினது உங்க வீட்டுக்காரர். நீங்க இல்ல. ஆனா பேர் உங்களது. யாராவது கிளப்பினா நாம பதில் சொல்லிக்கினு நிக்கணும். முதல்ல அந்தப் பட்டைத் திருப்பிக் குடுங்க."

"பாதி நெய்தாச்சும்மா."

"அய்யோ."

வக்கீல் அய்யோ என்றால் நான் என்ன சொல்ல?

ஜூலை 26, சனி

கமலம்மா கடைக்குப் போனேன். கடை என்றால் வீட்டின் முன் அறை. பீரோ, தராசு, சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. ஐம்பது வயது இருக்கும். தெலுங்கு கலந்த பேச்சு. வீட்டுக்காரர் போன பிறகு தனியாக நடத்துகிறார்.

வழி நெடுக மனப்பாடம் செய்தேன். "அம்மா, நான் திவாலானவ. சொல்லாம வாங்கிட்டோம்." இவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

உள்ளே போனால் மூலையில் ராட்டையில் பட்டு இழைத்துக்கொண்டு எஸ்தர். கூலிக்கு வருகிறாளாம், தினமும். என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

"ஏமம்மா, இன்னா வேணும்?" என்றார் கமலம்மா.

பத்து ரூபாய்க்குத் தையல் நூல் வாங்கிக்கொண்டு வந்தேன். ரொக்கம். வீட்டில் தையல் மிஷினே இல்லை. அதுவும் ஏலத்தில்தான் போனது.

எஸ்தருக்கு அந்த நோட்டு தெரியும். தினமும் அதே அறையில் உட்கார்ந்திருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரிந்தவள். பார்த்திருப்பாள். பார்க்காமலா இருப்பாள்?

ஜூலை 27, ஞாயிறு

தெருவில் கூழ் ஊற்றினார்கள். பம்பை, வேப்பிலை, காலையிலிருந்து மைக். ஒரு சொம்பு கூழ் எனக்கும் கொடுத்தார்கள். முருங்கைக் கீரை பொரியல், கருவாட்டுக் குழம்பு. இரண்டு நாளாகச் சாப்பிடாத வயிறு, நின்ற இடத்திலேயே குடித்தேன்.

பன்னிரண்டு மணிக்கு விழாக் கமிட்டிக்காரர் மைக்கைப் பிடித்தார். "வர்ற மூணாவது வெள்ளி ஆத்தாளுக்குப் பட்டுப் புடவை உபயம், வழக்கம் போல நம்ம ஏகாம்பரம் தனலட்சுமி குடும்பத்தார்! ரெண்டு வருசம் தடைபட்டது, ஆத்தா மனசு வச்சிட்டா!"

எல்லாரும் கை தட்டினார்கள். சிலர் என்னைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்பீக்கர் நாலு தெருவுக்குக் கேட்கும். பேங்கு மேனேஜர் வீடு அடுத்த தெரு.

தெரு முனையில் எஸ்தர். சர்ச் முடிந்து பஸ்ஸுக்குப் போகிறவள். வெள்ளைப் புடவை, கையில் பைபிள். மைக் நிற்கிற வரை நின்று கேட்டாள். பிறகு நேராக என் பக்கம் வந்தாள். இரண்டு வருடத்தில் முதல் பேச்சு.

"எங்க கூலிக்கு வழி இல்ல. சாமிக்குப் பட்டு வருதா?"

கத்தவில்லை. கோபம் கூட இல்லை. கேட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன்.

அவள் கேட்டதில் என்ன தப்பு? இவரிடம் கேட்டேன். தறி சத்தம்தான்.

ஜூலை 28, திங்கள்

சொல்லிவிட்டேன்.

எஸ்தர் இருந்தாள். அவள் போகட்டும் என்று காத்திருந்தால் 31ஆம் தேதி வந்துவிடும். நின்றுகொண்டே சொன்னேன். மஞ்சள் கடுதாசி, ஐம்பது ரூபாய், ஜெயில், எல்லாம். கமலம்மா உட்காரச் சொல்லி ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

முதலில் கோபம். "என் வீட்டுக்காரர் போனப்புறம் இந்த பீரோதான்மா எனக்கு. அம்மவாருக்குன்னு சொன்னாரு, நம்பிக் குடுத்தேன். சாமி பேரைச் சொல்லி ஏமாத்தலாமா?"

ஏமாற்றவில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். பெங்களூர்க்காரனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

கமலம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு கணக்காகச் சொன்னார். புடவையை முடித்து அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் விற்றுக்கொள்வார். பட்டு, ஜரிகைக் காசு கழித்து நெய்த கூலி தருவார். அம்மனுக்கு இல்லை. நியாயம்தான். தலையாட்டினேன்.

"அந்தப் பேருதான உனக்கு இம்சை? இரு." சிவப்பு நோட்டை எடுத்து, தனலட்சுமி மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஏகாம்பரம் என்று எழுதினார். "வாங்கினது அவருதானே. சரியாப் போச்சு."

ராட்டை நின்றுவிட்டது. எஸ்தர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்மையை எழுதுகிறேன், அந்தக் கோடு விழுந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாலு நாளில் முதல் தடவை மூச்சு முழுசாக உள்ளே போனது. தெருவுக்கு வந்த பிறகுதான் எஸ்தரின் கண் ஞாபகம் வந்தது. அந்த மூச்சும் போய்விட்டது.

ஜூலை 29, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். புடவை அம்மனுக்கு இல்லை.

அடிப்பாரோ என்று நினைத்தேன், அடிக்கிறவர் இல்லை, ஆனாலும் நினைத்தேன். நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே, "மைக்ல சொல்லிட்டாங்களேடி" என்றார்.

"போய் இல்லன்னு சொல்லுங்க."

"நீயே வந்து சொல்லு."

"உங்க வாயால சொன்னது. நீங்கதான் சொல்லணும்."

போனார். முக்கால் மணி நேரம். வந்து சட்டையைக் கழற்றிவிட்டு நேராகத் தறிக்குழியில் இறங்கிவிட்டார். என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து தானாகவே சொல்லிவிட்டுப் போனாள். "ஆத்தா கிட்ட சொல்லிட்டு மாத்தக் கூடாதுன்னு ஒருத்தர் சொன்னாராம். அண்ணன் கேட்டுக்கினு தலை குனிஞ்சு நின்னாராம்." அவளுக்கு அதைச் சொல்வதில் ஒரு திருப்தி.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருட்டுகிற வரை நெய்தோம். முந்தி மட்டும் பாக்கி. ஒரு தடவை இழை அறுந்தது. முடிச்சுப் போடும்போது அவர் விரல் என் விரல் மேல் பட்டது. எடுக்கவில்லை.

வாங்க: விளக்கெண்ணெய், தீப்பெட்டி. வ.அ.வுக்கு ஜெராக்ஸ் இரண்டு.

ஜூலை 30, புதன்

அறுத்து எடுத்தாயிற்று. நல்ல புடவை. ஐந்து வருடத்தில் இவ்வளவு சுத்தமாக நாங்கள் நெய்ததில்லை. கரையில் ஒரு வேல் கூடக் கோணவில்லை.

கமலம்மா தராசில் போட்டார், மடித்தார், பீரோவில் வைத்தார். நோட்டில் அந்த வரிக்கு நேரே "முடிந்தது" என்று எழுதினார். கூலி ரொக்கமாகக் கொடுத்தார், கோர்ட் நோட்டில் வரவு வைத்தேன். எஸ்தர் இன்று வரவில்லை.

ஏன் வரவில்லை? நாளைக்காக எங்காவது போயிருக்கிறாளா? யாரையாவது பார்க்கப் போயிருக்கிறாளா?

வ.அ. போனில்: "கடன் முடிஞ்சுது. நோட்டுல அவர் பேர். ஜட்ஜ் கேட்டா கேட்டதுக்கு மட்டும் பதில். கேக்காததைப் பேசாதீங்க." சரி என்றேன். ஜட்ஜ் கட்டாயம் கேட்பாராம், இடையில் கடன் ஏதும் வாங்கினீர்களா என்று. இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை.

கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். இல்லை. இல்லீங்க. இல்லீங்கய்யா. மூன்றும் பொய் மாதிரித்தான் கேட்டது.

ஜூலை 31, வியாழன்

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

கோர்ட்டில் கூட்டம். எங்கள் பெயர் கூப்பிடும்போது பன்னிரண்டரை. கடைசி பெஞ்சில் எஸ்தர், மடியில் சாப்பாட்டுப் பை. பையின் வாயில் மடித்த காகிதம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

ரிசீவர் அறிக்கை நன்றாகத்தான் இருந்தது. ஒத்துழைத்தார், கணக்கு ஒழுங்கு. ஜட்ஜ் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "திவால் உத்தரவுக்குப் பிறகு யாரிடமாவது கடன் வாங்கியிருக்கிறீர்களா அம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான். கண் தானாகக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டது.

"வாங்கிட்டோம் ஐயா. பதினாலாயிரத்துக்குப் பட்டு, அம்மன் புடவைக்கு. அவருதான் வாங்கினாரு, எனக்குத் தெரியாது. ஆனா என் பேர்ல. அப்புறம் என் பேரை அடிச்சு அவர் பேரை எழுதினாங்க. நான் பார்த்துக்கினு இருந்தேன். வேணாம்னு சொல்லல. புடவையைக் கடைக்கே குடுத்துட்டோம்."

வ.அ. என் முழங்கையைக் கிள்ளினார். இப்போதும் சிவந்திருக்கிறது. பிறகு எழுந்து மளமளவென்று பேசினார். கணவர் வாங்கியது, மனைவி அறியாமல், முழுதும் தீர்க்கப்பட்டது, கடைக்காரர் புகார் இல்லை. இவர் கையைக் கட்டிக்கொண்டு, "நான்தாங்க ஐயா வாங்கினேன், ராசின்னு அவ பேர்ல போட்டேன்" என்றார். யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் எழுதினார். பேனா சத்தம் கேட்டது. இதோ போலீஸைக் கூப்பிடுவார், இதோ, என்று ஒவ்வொரு வரிக்கும் நினைத்தேன். கவியிடம் யார் சொல்வார்கள் என்று யோசித்தேன்.

"ஆட்சேபணை யாருக்காவது?"

பேங்கு வக்கீல் எழுந்து, கடமைக்கு இரண்டு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்புறம் எஸ்தர் எழுந்தாள். காகிதத்தை எடுக்கவில்லை.

"இவங்களுக்கு விடுவிப்பு குடுத்துட்டீங்கன்னா, என் கூலி இருபத்திரெண்டாயிரம் இன்னா ஆவும் ஐயா?"

ஜட்ஜ் மெதுவாகத்தான் சொன்னார். "விடுவிப்பு கிடைத்துவிட்டால், அந்தப் பணத்துக்காக நீங்கள் இவர் மேல் வழக்குப் போட முடியாது அம்மா. சட்டப்படி அது முடிந்துவிடும்."

"சரிங்க" என்று உட்கார்ந்தாள்.

உத்தரவு ஆகஸ்ட் 14க்கு. கிடைக்கும் போலத்தான் தெரிகிறது என்று வ.அ. சொன்னார். எரிச்சலோடு. "உங்களை யாரும்மா அதெல்லாம் சொல்லச் சொன்னாங்க?"

இவர் டீ குடிக்கப் போனார். பஸ் நிறுத்தத்தில் எஸ்தர் பக்கத்தில் வந்து நின்றாள். பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டினாள். நாலு வரி. சிவப்பு நோட்டில் கோடு இழுத்தது, தேதியோடு.

"நீ சொல்லாம இருந்தியானா நான் சொல்லியிருப்பேன் அக்கா. எழுதி எடுத்துக்கினுதான் வந்தேன்."

கிழிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"ஜட்ஜு முடிஞ்சுடும்னாரு. நீ இன்னா சொல்ற?"

என்ன சொல்ல? சட்டம் முடிந்தது என்கிறது. இரண்டு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாயாக அலைந்தேன். அவள் கட்டை விரலைப் பார்த்தேன். இழை ஓடி ஓடி வெட்டுப்பட்ட தழும்பு. எனக்கும் அதே இடத்தில் இருக்கிறது.

"தரேன்" என்றேன்.

"எப்ப?"

"மாசம் ஐந்நூறு. ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி."

முசரவாக்கம் பஸ் வந்தது. ஏறிவிட்டாள். அப்புறம்தான் யோசித்தேன். உத்தரவு கூட வரவில்லை, கோர்ட் வாசலிலேயே மறுபடியும் வாக்குக் கொடுத்துவிட்டேன். நாற்பத்து நாலு மாதம். ஒருத்திக்கு மட்டும் தருகிறேன் என்று இப்போது சொல்லலாமா, கூடாதா? அதுவும் ஒரு குற்றமா? வ.அ.விடம் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பார். மற்ற பதினொரு பேர்? அவர்கள் கேட்டால்?

ஆகஸ்ட் 1, வெள்ளி

நல்ல வெயில். காலையில் முறுக்கு மாவு அரைக்கக் கொடுத்தேன்.

அம்மனுக்குக் கமிட்டியே கடையில் புடவை வாங்கிச் சாத்திவிட்டார்களாம். இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். போவார் என்று நான் நினைக்கவில்லை. "நல்லாத்தான் இருக்குது" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் தேதி உறைத்தது. ஒன்றாம் தேதி. அடுத்த மாதத்திலிருந்து என்று நான் சொல்லவில்லை. ஒன்றாம் தேதி என்றுதான் சொன்னேன்.

டப்பாவைத் திறந்தேன். புடவைக் கூலியில் மீதம் இருந்தது. ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு எடுத்தேன். சத்தம் கேட்டு இவர் எழுந்துவிட்டார். மறைக்கவில்லை, எஸ்தருக்கு என்றேன், எதற்கு என்றும் சொன்னேன்.

"ஆடி வெள்ளியும் அதுவுமா வீட்டுப் பணத்தை வெளியே குடுப்பாங்களாடி? லட்சுமி போயிடும். நாளைக்குக் குடு."

"போறதுக்கு இன்னும் இங்க இன்னா இருக்குது?" என்றேன். செருப்பை மாட்டினேன்.

எஸ்தர் கமலம்மா கடையில்தான் இருந்தாள். ராட்டை ஓடிக்கொண்டிருந்தது. கமலம்மா உள்ளே பூஜையில். நோட்டை நீட்டினேன். ராட்டையை நிறுத்தி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் இருபத்தோராயிரத்து ஐந்நூறு, அக்கா" என்றாள்.

ஆமாம் என்றேன்.